முப்பத்தஞ்சு ஜிபி

வாங்கம்மா, வாங்க. கம்ப்யூட்டர் பாக்க வந்தவுகதான? தோள்ல கெடக்குற பையப் பாத்தாலே தெரியுதே. எந்தக் கடையில இருந்து வர்றீங்க? சரி விடுங்க, எந்தக் கடையா இருந்தா என்ன, எல்லாக் கடையும் எனக்கு ஒண்ணுதான். முப்பத்திநாலு வருஷம் கடை கடையா ஏறி எறங்குனவன் நான். பேரு? செல்வராணியா. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

அய்யய்யோ, தொடாதீங்க! கைய எடுங்க, கைய எடுங்க. பெட்டியச் சுத்தி நூல் கட்டி, முடிச்சு மேல செவப்பா ஒட்டியிருக்கே, அது அழுக்கு இல்லம்மா. அரக்கு. நான் வச்ச முத்திரை. ரெண்டு வருஷம் ஒரு மாசம் ஆச்சு, ஒருத்தரும் கை வைக்கல. இப்ப அத ஒடைக்கணும்னா சாட்சி வேணும். இந்தாங்க, காகிதம் எழுதி வச்சிருக்கேன். 'முத்திரை சிதையாமல் இருக்கக் கண்டேன்'. கீழ கையெழுத்துப் போடுங்க. சிரிக்காதீங்கம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

நான் சங்கரபாண்டியன். எடையளவு ஆய்வாளர், ஓய்வு. சாத்தூர்ல பழைய கடைக்காரர் யாருகிட்ட வேணும்னாலும் போய் என் பேரச் சொல்லிப் பாருங்க, எந்திரிச்சு நிப்பாக. மரியாதையில நிப்பாகளா பயத்துல நிப்பாகளான்னு கேக்காதீங்க, நிப்பாக. படிக்கல்லு, தராசு, எண்ணெய் ஊத்துற லிட்டரு, துணிக்கடை மீட்டரு, எல்லாம் என் கையால முத்திரை வாங்குனாத்தான் கடைக்குள்ள போகும். புதுசா வேலைக்கு வர்றவுகளுக்கு நான் மொதல் நாள் சொல்லிக் குடுக்குறது ஒண்ணே ஒண்ணுதான். மொதல்ல தராசப் பாரு, அப்புறம் படிக்கல்லப் பாரு, கடைசியாத்தான் சரக்கப் பாக்கணும். தராசச் சோதிக்காம சரக்கக் குறை சொல்றவன் இந்த வேலைக்கு லாயக்கில்ல. எழுதி வச்சுக்கங்க, உங்க தொழிலுக்கும் ஆகும்.

என்னது, வாசல்ல பை இருக்கா? அது வீட்டம்மா பை. ஊருக்குப் போறாளாம். இன்னைக்கு இந்தப் பெட்டியத் தொறந்து ஒரு முடிவு பண்ணலன்னா மூணு மணி பஸ்ஸுல ராஜபாளையம் போயிருவாளாம், இனிமே திரும்ப மாட்டாளாம். சும்மா மிரட்டல். கல்யாணம் ஆகி முப்பத்தேழு வருஷத்துல இப்படி எத்தன தடவ சொல்லியிருப்பான்னு நெனைக்கிறீங்க? ஒரு தடவகூடச் சொன்னதில்ல. அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. உங்களுக்குப் போன் போட்டு வரச் சொன்னதும் அவதான். ஏ, சண்முகத்தாய், காப்பி கொண்டா. சீனி தனியாக் கொண்டா.

சரி, குறை என்னன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. ஒரே வரிதான். பில்லுல டிஸ்க்கு ஐநூறு ஜிபின்னு எழுதியிருக்கு. உள்ள இருக்கது நானூத்தி அறுவத்தஞ்சு. முப்பத்தஞ்சு ஜிபி குறையுது. நூத்துக்கு ஏழு! ஒரு மூடை அரிசிக்கு நூத்துக்கு ஏழு குறைச்சா நான் கடையப் பூட்டியிருப்பேன்.

குடுத்தது யாருன்னு கேளுங்க. சம்பந்தி. என் மக பூங்கோதைய ராஜபாளையத்துல குடுத்திருக்கு. ஒரே மக. மருமகன் தங்கமான பையன், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அவரோட அப்பா தனுஷ்கோடி, அங்க கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரு. பெரிய கடை. பேத்தி மகிழினி பொறந்து மூணாவது மாசம், ஒருநா அவரே வேன்ல இந்தப் பெட்டிய எடுத்துட்டு வந்து எறக்குறாரு. "சம்பந்தி, பேத்தி படத்த அப்பப்ப அனுப்பி வைக்கிறோம், நீங்களும் தங்கச்சியும் பாத்துக்கிட்டே இருக்கலாம்"னாரு. நல்ல எண்ணந்தான். நான் இல்லைங்கல. ஆனா எனக்கு இனாம் வாங்குற பழக்கம் கெடையாது. முப்பத்திநாலு வருஷத்துல ஒரு கடையில ஒரு வெத்தல வாங்கிப் போட்டதில்ல. "பில்லு போடுங்க, பணத்த வாங்கிக்கங்க, அப்பத்தான் பெட்டி வீட்டுக்குள்ள வரும்"னேன். அந்த மனுசன் வேன் மேல சாஞ்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே பில்லு எழுதுனாரு. அந்தச் சிரிப்பு அன்னைக்கே எனக்குப் புடிக்கல. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சும்மாவா சொன்னாக?

அன்னைக்குச் சாயங்காலமே தொறந்து பாத்தேன். நானூத்தி அறுவத்தஞ்சு. ஒடனே போன் போட்டேன். "அது அப்படித்தான் காட்டும் சம்பந்தி, எல்லா டிஸ்க்கும் அப்படித்தான்"னாரு. அம்மா செல்வராணி, நான் புடிச்ச ஒவ்வொரு கடைக்காரனும் இதத்தான் சொல்லியிருக்கான். எல்லாரும் அப்படித்தான் சார், ஊரே அப்படித்தான் சார். அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு நோட்டீஸ் புக்கத் தேடிக் கை போகும்.

உள்ளூர்ல மூணு பேரக் கூட்டியாந்து காட்டுனேன். மொத ஆளு வைரஸ்ன்னான். வைரஸ் முப்பத்தஞ்சு ஜிபிய எடுத்து எங்க வச்சிருக்கும்னு கேட்டேன். ரெண்டாவது ஆளு பெட்டியப் பிரிச்சு, டிஸ்க்கு மேல ஒட்டியிருந்த தாளக் காட்டி "ஐநூறுன்னு போட்டிருக்கே சார்"னான். ஒட்டுன தாளப் பாத்து எடைய நம்புறதா இருந்தா அரசாங்கம் எனக்கு எதுக்குச் சம்பளம் குடுத்துச்சு? மூணாவது ஆளு கொஞ்சம் படிச்சவன். கம்பெனிக்காரன் கிலோவுக்கு ஆயிரம்னு எண்றானாம், கம்ப்யூட்டரு கிலோவுக்கு ஆயிரத்து இருபத்திநாலுன்னு எண்ணுதாம், அதான் வித்தியாசமாம். நான் விடல. கிலோன்னா ஆயிரம்டா! கிலோகிராம் ஆயிரம் கிராம், கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர். குதிரைக்கு ஒரு கிலோ, கழுதைக்கு ஒரு கிலோவா? ஆயிரத்துக்கு மேல ஒண்ணு எண்ணுனாலும் குத்தம்டான்னேன். அவன் காப்பிகூடக் குடிக்காம போயிட்டான். அப்புறம் இந்த ஊர்ல எவனும் வர்றதில்ல. பயம்.

ஆங், காப்பி வந்திருச்சு. குடிங்க. கீழ வைக்கும்போது பாத்து, அந்த மரப்பெட்டி மேல வச்சிராதீங்க. அது என் படிக்கல்லுப் பெட்டி. பாருங்களேன், எப்படி மின்னுது. பித்தளை. ஒரு கிலோவுல இருந்து ஒரு கிராம் வரைக்கும் இருக்கு. நான் சோதனைக்குக் கொண்டுபோற செட்டு. ஊர்ல இருக்க படிக்கல்லுக்கெல்லாம் இதுதான் தாய். ரிட்டயர் ஆகும்போது எல்லாத்தையும் ஒப்படைக்கணும்ல, அப்ப மேல அனுப்பி எடை பாத்தாக. கிலோக் கல்லுல ஏழு கிராம் குறையுதுன்னு ஒரு மெமோ. எனக்கு! கடைசி மாசத்துல!

எப்படிக் குறையும்னு கேக்குறீங்களா? புளி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டம்மா சாமி வெளக்கத் தேய்ப்பால்ல, அதோட சேத்து இதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கா. நான்தான் தேய்க்கச் சொன்னேன். அதிகாரியோட படிக்கல்லு கறுத்துக் கெடந்தா கடைக்காரன் மதிப்பானா? முப்பது வருஷம் தேய்ச்சிருக்கா. புளி தின்னுருச்சு. அப்பப்ப மேல அனுப்பிச் சரிபாத்து வாங்கணும்னு விதி இருக்கு. எனக்கு என் செட்டு மேல அம்புட்டு நம்பிக்கை, நெறைய வருஷம் அனுப்பாமலே விட்டுட்டேன். ஏழு கிராமெல்லாம் ஒரு பெரிய குறையாம்மா? எதுக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான செய்யும்? ஆகாதுன்னு கழிச்சுக் கட்டுனாக, ஏலத்துல நானே எடுத்து வச்சுக்கிட்டேன். பழகுன கல்லு. புதுக்கல்லு கைக்கு ஒட்டாது.

முத்திரைய ஒடைச்சிட்டீங்களா? மெதுவா, மெதுவா. நூலத் தூரப் போட்டிராதீங்க, இங்கிட்டுக் குடுங்க. கரண்டுல சொருகுங்க. அந்தச் சுவிட்ச்சு இல்ல, பக்கத்துல.

இதுக்கு எதுக்கு முத்திரை வச்சேன்னு கேட்டீங்கள்ல. சொல்றேன். பேத்திக்குப் பதினோராவது மாசம் மொட்டை எடுத்தாக. அவுக கொலசாமி கோயில்ல. மொட்டை முடிஞ்சு துலாபாரம். தராசுல ஒரு தட்டுல பிள்ளைய வச்சு, மறு தட்டுல எடைக்கு எடை வெல்லம். வெல்லம் சம்பந்தி வீட்டுது. பெரிய தராசு, சங்கிலி போட்டது, பிள்ளைய உக்கார வச்சா அது கையத் தட்டித் தட்டிச் சிரிக்குது. வெல்லத்த வச்சுக்கிட்டே வந்தாக, பிள்ளை தட்டு மேல வந்துச்சு, பூசாரி "சரி"ன்னுட்டாரு. எல்லாரும் கொலவை போடுறாக.

எனக்குச் சரியாப் படல. முள்ளு நேரா நின்ன மாதிரி தெரியல. நானும் பேசாமதான் இருந்தேன். எம்புட்டு நேரம் பேசாம இருக்க முடியும்? தராசத் திருப்பிப் பாக்குறேன், முத்திரையே இல்ல. "பிள்ளைய எறக்குங்க, வெல்லத்தையும் எறக்குங்க"ன்னேன். இந்தப் பெட்டி என் கூடவே இருந்துச்சு. நான் எங்க போனாலும் கொண்டுபோறதுதான். என் கிலோக் கல்ல ஒரு தட்டுல வச்சேன், கோயில் கிலோக் கல்ல மறு தட்டுல வச்சேன். சரியா நிக்கணும்ல? நிக்கல. கோயில் கல்லு பக்கம் ஒரு மயிரிழை எறங்குச்சு. "பாருங்க, தராசு தப்பு, கல்லும் தப்பு"ன்னு சொல்லிப்புட்டேன். பிள்ளை அழுக ஆரம்பிச்சிருச்சு. பூங்கோதை, "அப்பா, இது கோயில்ப்பா, கடை இல்ல"ங்கிறா. நான் மக சொல்றதக் கேட்டிருக்கலாம். அந்த நேரம் பாத்து சம்பந்தி சிரிச்சாரு. "விடுங்க சம்பந்தி, சாமி கணக்குப் பாக்காது"ன்னு, அதே வேன் சிரிப்பு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "முப்பத்தஞ்சு ஜிபிய அடிச்சவருக்கு வெல்லத்துல அடிக்கவா தெரியாது?"ன்னுட்டேன்.

கொலவை நின்னு போச்சு. அந்த மனுசன் எறக்குன வெல்லத்த மறுபடி ஏத்துனாரு. பிள்ளைய வாங்கித் திரும்பத் தட்டுல உக்கார வச்சாரு. கையில கெடந்த வாட்ச்சக் கழத்துனாரு, மோதிரத்தக் கழத்துனாரு, ரெண்டையும் வெல்லத்து மேல வச்சாரு. வெல்லத் தட்டு டக்குன்னு எறங்குச்சு. "இப்பச் சரியாம்மா பூங்கோதை?"ன்னு என் மகளப் பாத்துக் கேட்டாரு. என்னயப் பாத்துக் கேக்கல.

நீங்களே சொல்லுங்க செல்வராணி. வாட்ச்ச வச்சதும் தட்டு எறங்குச்சுன்னா, அதுவரைக்கும் குறையாத்தான இருந்திருக்கு?

சரி, ஸ்கிரீனப் பாருங்க, வெளிச்சம் வந்திருச்சு.

சாப்பாட்டுக்கு நாங்க நிக்கல. நிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்ல. வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா முத்திரை வச்சேன். எதிர்வீட்டுத் தபால்காரரும் தேய்ப்புக் கடைக்காரரும் சாட்சி. வழக்குச் சொத்துன்னா அப்படித்தான் வைக்கணும், உள்ள ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மனு மேல மனு எழுதுனேன். என் பழைய ஆபீசுக்கே எழுதுனேன். அங்க இப்ப இருக்கவரு என்கிட்ட வேலை பழகுனவருதான். "அண்ணே, இத விட்டுருங்கண்ணே"ன்னு போன்ல சொன்னாரு. எழுத்துல பதில் குடுன்னேன். இன்னைய வரைக்கும் குடுக்கல.

பூங்கோதை ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அப்பா வந்து மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் எப்ப வேணும்னாலும் வாங்க"ன்னா. இங்க இருந்து ராஜபாளையம் ரெண்டு மணி நேரம்கூட இல்ல. ரெண்டு வருஷமா அந்த ரெண்டு மணி நேரத்தத் தாண்ட முடியல. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் வரும். நான் வாங்குனா "ஒடம்பு நல்லா இருக்காப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" அம்புட்டுத்தான். பேத்தி சத்தம் பின்னாடி கேக்கும். இவகிட்ட இருக்கது பட்டன் போனு, அதுல படமும் பாக்க முடியாது. நீ மட்டும் போயிட்டு வாயேன்னு சொன்னேன். "நீங்க இல்லாம நான் எந்த மூஞ்சியோட அந்த வீட்டு வாசல்ல நிக்கிறது"ங்கிறா. புடிச்ச முயலுக்கு மூணே காலுங்கிறது அவளப் பாத்துத்தான் சொல்லியிருப்பாக.

பொங்கலுக்கு ஒரு பென் டிரைவ் அனுப்பியிருந்தா பூங்கோதை. பிள்ளையோட வீடியோவாம். இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும்னு இவ ஒத்தக் கால்ல நின்னா. எப்படிப் போடுறது? முத்திரை இருக்கே! கவர்ல வச்சு ஒட்டி, தேதி போட்டு வச்சுட்டேன். சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. இவ தெனம் வெளக்கு ஏத்தும்போது அந்தக் கவரத் தொட்டுக் கும்புடுறா. சாமியக் கும்புடுறாளா கவரக் கும்புடுறாளான்னே தெரியல. நேத்து வரைக்கும் நான் அதப் பெருசா எடுத்துக்கல. நேத்துப் பேத்திக்கு மூணு வயசு முடிஞ்ச நாளு. சாயங்காலம் இவ பைய எடுத்துத் துணி அடுக்குறா. "பிள்ளை மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டே வருதுங்க"ன்னு சொன்னா. அழுகல. அழுதிருந்தாச் சமாளிச்சிருப்பேன்.

என்ன, தேதி ரெண்டாயிரத்து ரெண்டுன்னு காட்டுதா? பாத்தீங்களா, இது இன்னொரு குத்தம்! எழுதிக்கங்க. என்னது? சும்மா கெடந்ததுல உள்ள இருக்க சின்ன பேட்டரி செத்துப் போச்சா? ரெண்டு வருஷம் மூடி வச்சா எந்தக் காலத்துல இருக்கோம்னே மறந்துருமாக்கும். சரி, மேல பாருங்க.

ஆங், இதான், இதான். நானூத்தி அறுவத்தஞ்சு. பாத்தீங்களா? என்ன, அதுமேல ரைட் கிளிக்கா? பண்ணுங்க. பிராப்பர்ட்டீஸ். சரி. வட்டமா ஒரு படம் வருது. எங்க பாக்கணும்? அந்த வரி. வலது பக்கம் நானூத்தி அறுவத்தஞ்சு ஜிபி. தெரியும், அதத்தான சொல்றேன். இடது பக்கமா? அது ஏதோ நீளமா நம்பரு, பெட்டி நம்பர்னு விட்டுட்டேன்.

பைட்டா? ஒரு பைட்டுன்னா ஒரு எழுத்து மாதிரியா. அப்ப இது மொத்தம் எம்புட்டு எழுத்துப் புடிக்கும்ங்கிற எண்ணிக்கை. சில்லறையா எண்ணுனது. சரி. இருங்க, கண்ணாடி போட்டுக்கிடுறேன். அஞ்சு, சைபர், சைபர், ஒண்ணு, சைபர், அஞ்சு, ஏழு, மூணு, ஆறு, ஒண்ணு, ஒம்போது, ரெண்டு. ஐம்பதாயிரத்துப் பத்துக் கோடியே ஐம்பத்தேழு லட்சத்து முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்.

என்ன கேக்குறீங்க? கிலோன்னா எம்புட்டா? என்கிட்டயே கேக்குறீங்களா! ஆயிரம். அதுல மாத்துப் பேச்சே கெடையாது. பைட்டு ஜிபி ஆகுறதுக்கு மூணு தடவ ஆயிரத்தால வகுக்கணுமா? வகுத்துட்டேன். திரும்ப ஆயிரத்தால. திரும்ப ஆயிரத்தால. அதுக்கு எதுக்குப் பென்சிலு, மூணு மூணு சைபரா அடிச்சா...

ஐநூறு.

ஐநூறு புள்ளி ஒண்ணு.

இருங்க. ஒரு தடவ தப்பா வந்திருக்கும். திரும்ப எண்றேன்.

ஐநூறு புள்ளி ஒண்ணுதான்.

அப்ப கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணித்தான் ஐநூறுன்னு போட்டிருக்கான். நான் சொன்ன அதே ஆயிரம். இந்தக் கம்ப்யூட்டருதான் ஆயிரத்து இருபத்திநாலா எண்ணி நானூத்தி அறுவத்தஞ்சுன்னு காட்டியிருக்கு. தப்புன்னா இது காட்டுனது தப்பு. சரக்கு சரியாத்தான் இருந்திருக்கு. மூணாவதா வந்த அந்தப் பையன் இதத்தான் சொன்னான். நான் கிலோன்னா ஆயிரம்டான்னு கத்துனேன். கத்துனதுக்குப் பதிலா ஒரு தடவ வகுத்துப் பாத்திருக்கலாம். ரெண்டு நம்பரும் ஒரே வரியிலதான இருந்திருக்கு.

ஏ, என்னடி சொல்ற அங்கன நின்னுக்கிட்டு? கேட்டீங்களா செல்வராணி, என்ன சொல்றான்னு? "ஐநூறுக்கு மேல இருக்குன்னா, அண்ணன் கொசுறும் போட்டுத்தான் குடுத்திருக்காக"ங்கிறா. கொசுறு! பத்துக் கோடியே ஐம்பத்தேழு லட்சம் எழுத்துக் கொசுறு. படிக்கல்லுச் சட்டத்துல கூடுதலா இருந்தாலும் பிழைதான் தெரியுமா? கூடுதலா இருக்குன்னு நான் எத்தன பேரு கல்லத் திருப்பி அனுப்பியிருக்கேன்...

எத்தன பேரு கல்லு.

ஏழு கிராம் தேஞ்ச கல்ல ஒரு தட்டுல வச்சா, மறு தட்டுல இருக்க நல்ல கல்லு கூடுதலாத்தான தெரியும்? கோயில்ல எறங்குச்சே, ஒரு மயிரிழை...

விடுங்க. தண்ணி இருக்கா? சண்முகத்தாய், கொஞ்சம் தண்ணி குடு.

மொதல்ல தராசு, அப்புறம் படிக்கல்லு, கடைசியாத்தான் சரக்கு. மொதல் நாளு சொல்லிக் குடுக்குறது. நான் சரக்குல ஆரம்பிச்சு சம்பந்தி வரைக்கும் போயிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கும்மா. வெளிய சொல்லிக்கிடாதீங்க.

அவ என்ன பண்றா பாருங்க. என்னயக் கேக்காமலே கவரக் கிழிச்சுட்டா. கிழிக்கட்டும். குடு, அவுககிட்ட குடு. சொருகுங்கம்மா. அது எத்தன ஜிபின்னு... இல்ல, ஒண்ணுமில்ல. சொருகுங்க.

அதென்ன, ஒவ்வொரு வீடியோவுக்கும் பேரு நம்பரா இருக்கு? ஒம்போது நானூறு. ஒம்போது எட்நூறு. பத்து இருநூறு. பதினொண்ணு நூறு. என்ன நம்பரு இது? ஓ.

எடை. பிள்ளையோட எடை. பிள்ளை பொறந்த நாள்ல இருந்து நான் போன்ல மொதல்ல கேக்குறது, எடை எம்புட்டுன்னுதான். ரெண்டு வருஷமா கேக்கல. பூங்கோதை எடுத்து எடுத்து எழுதி வச்சிருக்கா. கடைசில இருக்கதப் போடுங்க. பதிமூணு நூத்தம்பது.

சத்தம் வைங்க. இந்தா, வந்துருச்சு. ஆத்தாடி, முடிய ரெட்டச் சடை போட்டிருக்கா. சண்முகத்தாய், கிட்ட வா, இங்கிட்டு வந்து நில்லு. இது யாரு சாயலு, உன் சாயலுல்ல? எடை மிஷினு மேல ஏறுது பாருங்க. செருப்பக் கழத்திட்டு ஏறுது. செவத்தப் புடிக்காம, ஆடாம, நேரா நிக்குது. மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு முள்ளு நிக்கிற வரைக்கும் காத்திருக்கு. அப்படித்தான் நிக்கணும். பூங்கோதைய நான் அப்படித்தான் நிக்க வைப்பேன். பூங்கோதை குரலு இது. "தாத்தா வந்தா என்ன கேப்பாரு?"ங்கிறா. பிள்ளை சொல்லுது கேட்டீங்களா? "எடை கேப்பாரு." திரும்பப் போடுங்க அந்த எடத்த. "எடை கேப்பாரு."

தாத்தா 'வந்தா'ன்னு சொல்றா. வரமாட்டாருன்னு சொல்லிக் குடுக்கல பாருங்க பிள்ளைக்கு.

ரெண்டு வருஷம் இந்த நானூத்தி அறுவத்தஞ்சையும் காலியா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். முப்பத்தஞ்சுக்காக.

நீங்க வேலைய முடிங்க. கையெழுத்துப் போடணுமா? குடுங்க அந்தச் சீட்ட. எழுத்து சின்னதா இருக்கு. பொருள், கம்ப்யூட்டர். குறை, அதுக்கு நேரா கோடு விட்டிருக்கு. மேல என்ன அச்சடிச்சிருக்கு... தனுஷ்கோடி கம்ப்யூட்டர்ஸ், ராஜபாளையம்.

ஏம்மா. வந்ததும் சொல்லலாம்ல? ஆமா, சொல்ல வந்தீங்க. நான்தான் விடல. அப்ப நான் பேசுனது பூராவும்... அவரே அனுப்புனாரா? என்ன சொல்லி அனுப்புனாரு? "எது சொன்னாலும் எதுத்துப் பேசாத, காப்பி குடுத்தாக் குடி"ன்னா? சிரிச்சாரா சொல்லும்போது? சிரிச்சிருப்பாரு. இருக்கட்டும். சிரிக்கிற மனுசன். பேனாவக் குடுங்க. குறைக்கு நேரா 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். முப்பத்திநாலு வருஷத்துல இந்த வார்த்தைய எம்புட்டுக் கொஞ்சமா எழுதியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது.

மணி என்ன? ரெண்டு இருபதா? ஏ, சண்முகத்தாய், அந்தப் பையில என் வேட்டி ஒண்ணு வைக்க எடம் இருக்கா? என்னது, ஏற்கெனவே வச்சிருக்கியா? எப்ப வச்ச? நேத்தேவா! பாத்தீங்களா செல்வராணி, மிரட்டல்னு சொன்னேன்ல. நீங்களும் அந்தப் பஸ்ஸுக்குத்தான வருவீங்க? சேந்தே போவோம். அவருகிட்ட அந்த ஒரு வார்த்தைய நானே சொல்லிக்கிடுறேன். என்ன வார்த்தைன்னு பஸ்ஸுல யோசிச்சுக்கிடலாம்.

பெட்டியா? இல்ல, அந்தப் படிக்கல்லுப் பெட்டி இங்கனயே கெடக்கட்டும். பூட்டிட்டு வா. பஸ் ஸ்டாண்டுக்கு முந்தி ஒரு வெல்ல மண்டி இருக்கு, அங்கன ஒரு நிமிசம் நிக்கணும். பதிமூணு கிலோ நூத்தம்பது கிராம். தூக்க முடியுமான்னு பாக்காதீங்க, நான் தூக்குவேன். கடைக்காரன் என்ன போடுறானோ போடட்டும், ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.

தராசுல முத்திரை இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுறேன்.